கம்ப்யூட்டர் வைரஸைப் பூட்டி வைப்பதா, பகிர்வதா? ஜான் வான் நியூமனின் வாழ்க்கையில் இருக்கும் பதில்

கொடைரோடு ரயில் நிலையத்தில் இறங்குபவர்களில் பாதிப் பேர் நேராக வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல் போயிடுவாங்க. ஊரை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால், எனக்குக் கம்ப்யூட்டர் வைரஸ் பற்றிய முதல் பாடம் கிடைத்தது அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன பிரவுசிங் சென்டரில்தான்.

அப்போது நான் பள்ளி மாணவன். பிரிண்ட் எடுக்கக் கொண்டுபோன பென் டிரைவைச் செருகினால், எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தது. கிளிக் செய்தால் எதுவும் திறக்கவில்லை. கடைக்கார அண்ணன் பதறவில்லை. கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி டைப் செய்தார். மறைந்திருந்த ஃபோல்டர்கள் அத்தனையும் திரும்பி வந்தன.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் ஆச்சரியம். அந்த வைரஸை அவர் அழிக்கவில்லை. மூலையில் இருந்த, நெட் இணைப்பே இல்லாத ஒரு பழைய சிஸ்டத்தில் காப்பி செய்து வைத்தார். அங்கே ஏற்கெனவே இருபது, முப்பது வைரஸ்கள் இருந்தன. அடுத்த முறை யாராவது இதே பிரச்சினையோடு வந்தால், தன் வைத்தியம் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டுமாம். எனக்கும் ஒரு காப்பி வேண்டும் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். ஊர் முழுக்கப் பரவிவிடும் என்றார்.

வைத்துக்கொள்வது சரி, கொடுப்பது தவறா? உலகம் முழுக்க மென்பொருள் ஆவணக் காப்பகங்களும் சைபர் பாதுகாப்பு ஆய்வாளர்களும் மோதிக்கொள்ளும் கேள்வியும் இதுதான். ஆராய்ச்சிக்காக உயிருள்ள கம்ப்யூட்டர் வைரஸ்களை யார் கேட்டாலும் கொடுக்கலாமா?

இதற்குப் பதில் தேட, 1957-லேயே இறந்துபோன ஒருவரின் வாழ்க்கையைப் புரட்ட வேண்டியிருக்கிறது. தன்னைத் தானே நகலெடுக்கும் நிரல் எப்படி இயங்கும் என்பதைக் கோட்பாடாக முதலில் வகுத்தவர் அவர். அறிவை ஊருக்கே வாரிக் கொடுத்தவரும் அவர்தான், இரும்புக் கதவுக்குள் பூட்டி வைத்தவரும் அவர்தான்.

யார் இந்த வான் நியூமன்?

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ. படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. முதல் செமஸ்டரிலேயே வான் நியூமன் கட்டமைப்பு என்று ஒரு படம் வரைந்திருப்பீங்க. நினைவகம், கணக்கிடும் பகுதி, கட்டுப்பாட்டுப் பகுதி, உள்ளீடு, வெளியீடு. உங்கள் கையில் இருக்கும் ஸ்மார்ட்போனும் அடிப்படையில் அந்தப் படத்தின் வாரிசுதான்.

ஜான் வான் நியூமன் 1903 டிசம்பர் 28-ம் தேதி ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில், வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா வங்கியாளர். பையனுக்குக் கணக்கு என்றால் உயிர். அப்பாவுக்கோ சோறு போடும் படிப்பு வேண்டும். நம்ம வீடுகளில் நடக்கும் அதே பஞ்சாயத்துதான். கடைசியில் இரண்டையும் படித்தார். சூரிச்சில் வேதிப் பொறியியல் பட்டம், புடாபெஸ்டில் கணிதத்தில் முனைவர் பட்டம். இரண்டும் 1926-ல் கைக்கு வந்தன.

1930-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் போனார். 1933-ல் அங்கே உயர் ஆய்வு நிறுவனத்தின் முதல் பேராசிரியர்களில் ஒருவரானார். ஐன்ஸ்டைன் பணியாற்றிய அதே நிறுவனம். அப்போது வான் நியூமனுக்கு வயது 29. 1937-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். குவாண்டம் இயற்பியலுக்கான கணிதம், விளையாட்டுக் கோட்பாடு என்று தொட்ட இடமெல்லாம் தடம் பதித்தார். கார் ஓட்டுவதில் மட்டும் ரொம்ப மோசம். அடிக்கடி எங்காவது மோதிவிடுவாராம்.

ரயில்வே பிளாட்பாரத்தில் நடந்த சந்திப்பு

1944 கோடைக்காலம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் அபர்டீன் ரயில் நிலையத்தில் வான் நியூமன் ரயிலுக்காகக் காத்திருந்தார். அதே பிளாட்பாரத்தில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற இளம் ராணுவ அதிகாரி நின்றிருந்தார். அவரும் கணிதக்காரர்தான். தயங்கித் தயங்கிப் பேச்சுக் கொடுத்தார். பேச்சுவாக்கில், தாங்கள் கட்டிவரும் எனியாக் என்ற மின்னணுக் கணிப்பான் நொடிக்கு நூற்றுக்கணக்கில் பெருக்கல் போடும் என்று சொல்ல, வான் நியூமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு அந்தப் பேச்சு, வாய்மொழித் தேர்வு மாதிரி ஆகிவிட்டதாம்.

எனியாக்கைக் கட்டிய ஜே. பிரெஸ்பர் எக்கர்ட், ஜான் மாக்லி இருவரும் அடுத்த இயந்திரத்துக்கான யோசனைகளில் இருந்தார்கள். அதன் பெயர் எட்வாக். வான் நியூமன் அந்தக் குழுவின் ஆலோசகரானார். விவாதங்களையெல்லாம் தொகுத்து 101 பக்க அறிக்கையாக எழுதினார். அதில் இருந்த முக்கியமான விஷயம் இதுதான்: கணினிக்குக் கொடுக்கும் கட்டளைகளும் தரவுகளும் ஒரே நினைவகத்தில் இருக்கும். இந்த முடிவை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் திரும்ப வரும்.

24 பிரதிகள் கிளப்பிய சண்டை

1945 ஜூன் மாதம் கோல்ட்ஸ்டைன் அந்த அறிக்கையை டைப் செய்து 24 பேருக்கு அனுப்பினார். அட்டையில் வான் நியூமன் பெயர் மட்டும்தான் இருந்தது. பிறகு அது கைமாறிக் கைமாறி அட்லாண்டிக்கைத் தாண்டியது. 1946 மே மாதம் இங்கிலாந்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பவருக்கு ஒரே ஓர் இரவுக்கு மட்டும் ஒரு பிரதி இரவலாகக் கிடைத்தது. ராத்திரியெல்லாம் விழித்திருந்து படித்தார். 1949-ல் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினியை இயக்கிக் காட்டினார்.

எக்கர்ட்டும் மாக்லியும் கொதித்துப்போனார்கள். தங்கள் யோசனைகளும் கலந்திருக்கும் அறிக்கை, இன்னொருவர் பெயரில், தங்களைக் கேட்காமலே வெளியே போய்விட்டது. 1947-ல் ராணுவ வழக்கறிஞர்கள், அறிக்கை வெளியானதே பொதுப் பிரசுரம்தான், இனி காப்புரிமை கோர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. திறந்து வைப்பது நல்ல விஷயம்தான். ஆனால், யாருடைய உழைப்பை, யாரைக் கேட்டு என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

வான் நியூமன் அதோடு நிற்கவில்லை. பிரின்ஸ்டனில் தன் சொந்தக் கணினியைக் கட்டத் தொடங்கினார். அதன் வடிவமைப்பு அறிக்கைகளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பினார். அதைப் பார்த்து இலினாய்ஸில் ஒன்று, ஸ்டாக்ஹோமில் ஒன்று, சிட்னியில் ஒன்று, இஸ்ரேலில் ஒன்று என்று உறவுக்காரக் கணினிகள் முளைத்தன. இந்தியாவில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் 1960-ல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினியும் அந்தக் குடும்பத்துச் சாயல் கொண்டதுதான்.

பிரியாணிச் சீட்டும் ஜெராக்ஸ் கடையும்

இப்போ வைரஸுக்கு வருவோம். 1940-களின் கடைசியில் வான் நியூமனை ஒரு கேள்வி பிடித்து ஆட்டியது. ஓர் இயந்திரம் தன்னைப் போலவே இன்னோர் இயந்திரத்தை உருவாக்க முடியுமா? உயிரியல் வைரஸ்களைப் பற்றியும் தீவிரமாக யோசித்தார். மூளையை ஆராய்வது ரொம்பச் சிக்கல், அதைவிடச் சின்னதான, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை ஆராயலாமே என்று 1946-ல் கணித மேதை நார்பர்ட் வீனருக்குக் கடிதம் எழுதினார். 1949-ல் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இது பற்றித் தொடர் சொற்பொழிவுகள் நடத்தினார்.

அவர் கண்டுபிடித்த விடையை நம்ம ஊர் உதாரணத்தில் சொல்கிறேன். திண்டுக்கல் பிரியாணி செய்முறை எழுதிய ஒரு சீட்டு இருக்கிறது. அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால், கடைக்காரர் படிக்காமலே நகல் எடுத்துக் கொடுப்பார். அங்கே அது வெறும் காகிதம். அதே சீட்டைச் சமையல் மாஸ்டரிடம் கொடுத்தால், வரி வரியாகப் படித்து அண்டாவில் பிரியாணி செய்துவிடுவார். இங்கே அது கட்டளை.

தன்னைத் தானே உருவாக்கும் இயந்திரத்துக்கு இந்த மூன்றும் வேண்டும்: சீட்டு, நகலெடுப்பவர், செய்பவர். மூன்றையும் ஒழுங்குபடுத்த ஒரு மேற்பார்வையாளரும் வேண்டும். ஒரே சீட்டு ஓரிடத்தில் நகலாகிறது, இன்னோரிடத்தில் செயலாகிறது. டி.என்.ஏ. வடிவத்தை 1953-ல் கண்டுபிடிப்பதற்கு முன்பே, உயிர் பெருகும் விதத்தின் அடிப்படைத் தர்க்கத்தைக் காகிதத்தில் எழுதிவிட்டார். அந்த ஆய்வு புத்தகமாக வந்ததோ 1966-ல். அவர் இறந்து ஒன்பது வருஷம் கழித்து, ஆர்தர் பர்க்ஸ் தொகுத்து வெளியிட்டார்.

கட்டளையும் தரவும் ஒரே நினைவகத்தில் இருக்கும் என்று முன்பு பார்த்தோமே. அங்கேதான் முடிச்சு. நிரல் என்பதும் ஒரு தரவுதான் என்றால், ஒரு நிரல் இன்னொரு நிரலைத் தொடலாம், மாற்றலாம், தன்னையே அதில் ஒட்டி வைக்கலாம். ஆப் இன்ஸ்டால் ஆவதும் வைரஸ் தொற்றுவதும் இந்த ஒரே வழியில்தான்.

1953-லேயே இதன் சிறு வடிவத்தை ஒருவர் பார்த்துவிட்டார். நில்ஸ் பாரிசெல்லி என்ற ஆய்வாளர் பிரின்ஸ்டன் கணினிக்குள் எண்களை விட்டு, அவை பெருகுவதையும் ஒன்றை ஒன்று அண்டி வாழ்வதையும் பதிவு செய்தார். அந்தக் கணினியின் மொத்த நினைவகமே சுமார் 5 கிலோபைட். வெளியே போக நெட்வொர்க் கிடையாது. கொடைரோடு அண்ணனின் பழைய சிஸ்டம் மாதிரிதான்.

பூட்டிய கதவுகளுக்குள் இன்னொரு வாழ்க்கை

இதுவரை படித்தால், வான் நியூமன் திறந்த அறிவின் தூதர் என்று தோன்றும். முழு உண்மை அது இல்லை. 1943 முதல் அவர் லாஸ் அலமோஸ் ரகசிய அணு ஆய்வகத்தின் ஆலோசகர். நாகசாகியில் போடப்பட்ட புளூட்டோனியம் குண்டின் உள்வெடிப்பு முறைக்கு அவருடைய கணக்குகள் முக்கியமாக இருந்தன. பிறகு ஹைட்ரஜன் குண்டுத் திட்டத்திலும் இருந்தார். வடிவமைப்பை ஊருக்கே அனுப்பிய அதே பிரின்ஸ்டன் கணினியில், 1951-ல் அந்தக் குண்டுக்கான கணக்குகள் ரகசியமாக ஓடின. அவர் மனைவி கிளாராவும் இந்த வரலாற்றில் உண்டு. எனியாக்கில் அணு ஆயுதக் கணக்குகளுக்கு நிரல் எழுதிய ஆரம்பகாலப் புரோகிராமர்களில் ஒருவர் அவர்.

1955-ல் வான் நியூமன் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் உறுப்பினரானார். அதே வருஷம் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. வாஷிங்டனில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கடைசி மாதங்கள் கழிந்தன. வலியிலும் மருந்து மயக்கத்திலும் ராணுவ ரகசியம் எதையும் உளறிவிடக் கூடாது என்று, அறையில் பாதுகாப்பு அனுமதி பெற்றவர்களை மட்டும் வைத்தார்கள். 1957 பிப்ரவரி 8-ம் தேதி, 53 வயதில் இறந்தார். உலகத்துக்கே கணினியைத் திறந்து கொடுத்தவரின் கடைசி நாட்கள் காவலுக்குள் முடிந்தன.

ஒரே மனிதர் இரண்டையும் செய்தார். எது எப்படி இயங்குகிறது என்ற அறிவைப் பரப்பினார். எதை நேரடியாக எடுத்து வெடிக்க முடியுமோ அதைப் பூட்டினார். கோடு எப்போதும் சரியான இடத்தில் விழுந்தது என்று சொல்ல முடியாது. ஆனால், கோடு ஒன்று இருந்தது.

கூடங்குளத்தில் நடந்தது என்ன?

இன்றைய சண்டைக்கு நம்ம மாநிலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2019 அக்டோபர் கடைசி வாரம், வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் இருந்த ஒரு மால்வேர் சாம்பிள் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. டிட்ராக் வகை உளவு மென்பொருள். சந்தேகமான ஃபைலை யாரும் பதிவேற்றலாம், அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கலாம் என்பதுதான் அந்தத் தளத்தின் ஏற்பாடு. பிரித்துப் பார்த்தால், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் உள் நெட்வொர்க்கைக் குறிக்கும் விவரங்கள் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன.

அக்டோபர் 29-ம் தேதி அணுமின் நிலையத் தரப்பு அந்தச் செய்தியை மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், மால்வேர் இருந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ம் தேதியே சைபர் அவசரக் குழுவான செர்ட்-இன் தகவல் கொடுத்துவிட்டதும் அப்போதுதான் வெளியே தெரிந்தது. நிர்வாகப் பணிக்கான, இன்டர்நெட்டோடு இணைந்த ஒரு கணினியில்தான் தொற்று, அணு உலையை இயக்கும் அமைப்புகள் தனியாக இருக்கின்றன என்றது கழகம்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. சாம்பிள் பொதுவெளியில் இருந்ததால்தான் வெளி ஆய்வாளர்கள் சரிபார்க்க முடிந்தது. அதே சாம்பிள் பொதுவெளியில் இருந்ததால்தான், பாதிக்கப்பட்ட இடத்தின் உள்விவரமும் ஊருக்குத் தெரிந்தது.

பகிர்ந்ததால் வந்த நன்மை, பகிர்ந்ததால் வந்த வினை

2017 மே 12-ல் பரவிய வான்னக்ரை 150-க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கியது. அதற்குப் பயன்பட்ட ஓட்டையை அமெரிக்க உளவு அமைப்பு ஒன்று தெரிந்தே ரகசியமாக வைத்திருந்தது. அது கசிந்து அடுத்த மாதமே தாக்குதல் நடந்தது. பூட்டு காப்பாற்றவில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த 22 வயது மார்கஸ் ஹட்சின்ஸ். நண்பரிடம் இருந்து சாம்பிள் வாங்கி ஓட்டிப் பார்த்து, அது தேடிய இணைய முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்தார். பரவல் நின்றது. ஆனால், அதே ஹட்சின்ஸ் டீன் ஏஜில் வங்கிகளைக் குறிவைக்கும் மால்வேர் எழுதியவர். சில மாதங்களில் கைதாகி, 2019-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கற்றுக்கொண்ட கை எந்தப் பக்கமும் போகலாம்.

எதிர்ப்பக்க உதாரணம் மிராய். 2016 செப்டம்பர் கடைசியில் அதை எழுதியவர்களே மூல நிரலைப் பொதுவில் போட்டார்கள். அக்டோபர் 21-ல் மிராய் வகைத் தாக்குதலால் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்படப் பல சேவைகள் அமெரிக்காவில் முடங்கின. இன்றுவரை அதன் பேரப்பிள்ளைகள் சிசிடிவி கேமராக்களைத் தேடி அலைகின்றன. புதிய ஆயுதத்தை, தடுப்பு தயாராகும் முன்னே விநியோகித்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி.

காப்பகங்களும் ஆளுக்கு ஒரு வழியில் போகின்றன. இன்டர்நெட் ஆர்கைவ் 2016-ல் திறந்த மால்வேர் மியூசியத்தில், பழைய டாஸ் வைரஸ்களின் நாச வேலை செய்யும் பகுதியை நீக்கிவிட்டு, பிரவுசரிலேயே ஓடவிட்டார்கள். பார்க்கலாம், கடிக்காது. இதற்கு நேர்மாறாக, வைரஸ்களை அப்படியே சேர்த்து வைத்திருந்த விஎக்ஸ் ஹெவன்ஸ் தளத்தின் சர்வரை 2012-ல் உக்ரைன் போலீஸ் பறிமுதல் செய்தது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-ன்படி உரிமையாளர் அனுமதி இல்லாமல் ஒரு கணினிக்குள் வைரஸைப் புகுத்துவது தவறு, இழப்பீடு கட்ட வேண்டும். அதையே மோசடி எண்ணத்தோடு செய்தால் பிரிவு 66-ன்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனியுங்கள், இந்தப் பிரிவுகளின் அழுத்தம் புகுத்துவதன் மீதுதான் இருக்கிறது. அதாவது, சீட்டை மாஸ்டர் கையில் கொடுப்பதன் மீது.

அப்போ என்னதான் செய்யலாம்?

வான் நியூமனின் சீட்டு உதாரணத்துக்கே திரும்புவோம். ஜிப் ஃபைலில், பாஸ்வேர்டு போட்டு, காப்பகத்தில் தூங்கும் வைரஸ் வெறும் காகிதம். ஓட்டும் கணினி கிடைத்தால்தான் அது பிரியாணி. எனவே, கொடுப்பதா வேண்டாமா என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். எதை, எந்த நிலையில், எந்த இயந்திரத்தில் ஓட்டுவதற்காகக் கொடுக்கிறோம் என்பது மீதிப் பாதி.

என் பார்வையில் நான்கு விஷயங்கள் நியாயமாகப் படுகின்றன.

• பழசாகி, தாக்கும் சக்தி இழந்த வைரஸ்கள் எல்லோருக்கும் கிடைக்கட்டும். அவை வரலாறு.

• புதியவை, தடுப்பு வந்து கொஞ்ச காலம் ஆன பிறகு, பதிவு செய்தவர்களுக்குக் கிடைக்கட்டும்.

• பாதிக்கப்பட்டவர்களின் விவரங்களை நீக்காமல் எந்தச் சாம்பிளும் வெளியே போகக் கூடாது. கூடங்குளம் சொல்லிக் கொடுத்தது அது.

• பதிவு என்பது பெரிய நிறுவன ஐ.டி. கார்டு இருந்தால்தான் என்று ஆகிவிடக் கூடாது.

கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியம். கிரிமினல்களிடம் வைரஸ் ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் காப்பகத்தை நம்பி இல்லை. முழுசாகப் பூட்டினால் வெளியே நிற்கப் போவது, திண்டுக்கல்லிலோ நிலக்கோட்டையிலோ ஏதோ ஒரு கல்லூரியில், மால்வேர் ஆய்வு கற்றுக்கொள்ள நினைக்கும் பொண்ணும் பையனும்தான். வில்க்ஸுக்கு ஓர் இரவு மட்டும் கிடைத்த இரவல் பிரதி ஒரு கணினியாக மாறியது. அந்த ஓர் இரவு கிடைக்காதவர்கள் எத்தனை பேரோ!

அந்தக் கடைக்கார அண்ணன் வைரஸைக் கையில் கொடுக்காதது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். என்னிடம் இருந்தது வீட்டுக்கே ஒன்றான கம்ப்யூட்டரும் ஊரெல்லாம் சுற்றும் ஒரு பென் டிரைவும்தான். ஆனால், மூலையில் இருந்த அந்தப் பழைய சிஸ்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, இங்கேயே உட்கார்ந்து பாருடா தம்பி என்று சொல்லியிருக்கலாம். காப்பகங்களிடம் கேட்க வேண்டியதும் அந்த நாற்காலியைத்தான்.